கிழிந்த தையலும் கல் சிலுவையும்

ஆரணிப் பட்டு நெசவாளத் தோழரிடம் ஓர் ஓவியத்தைக் காட்டினால், அவர் விழி முதலில் எங்கே செல்லும்? ஆடைக்குத்தான்! குழித்தறியிலே அமர்ந்து, அறுந்த இழையைப் பிணைத்துப் பிணைத்துப் பழகிய கண்ணல்லவா!

அந்தக் கண்ணோடு, இத்தாலிய ஓவியர் காரவாஜியோ 1602-ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய தோமையரைக் காண்போம். செருமனியின் போட்சுடாம் நகரில் இருக்கிறது அவ்வோவியம். இயேசு உயிர்த்தெழுந்தார் என்று மற்றவர் கூறியதை நம்ப மறுத்த தோமையர், அவரது விலாப் புண்ணிலே விரலை விட்டுப் பார்க்கிறார். நெற்றியெல்லாம் சுருக்கம். தோள்பட்டையிலே தையல் பிரிந்து கிடக்கிறது! திருத்தொண்டரா இவர்? தெருவோரத்து உழைப்பாளி! வானவர் இல்லை, புண்ணும் விரலும் ஐயமுமே உண்டு. ஐயுற்றவரை இயேசு கடியவில்லை. கையைப் பற்றித் தாமே வழிகாட்டுகிறார்.

நிற்க. இதே தோமையர் நமது பரங்கிமலையில் ஈட்டியால் குத்துண்டு மாண்டார் என்பது கிறித்தவ மரபு. அச்சாவைத் தீட்டினார் ஆண்ட்வெர்ப் நகரத்து ரூபென்ஸ், 1630-களின் பிற்பகுதியில், பிராகா நகரின் தோமையர் கோயிலுக்காக. கல் சிலுவையைத் தழுவிச் சரிகிறார் முதியவர். ஈட்டி பாய்கிறது. மேலே, பரிசளிக்க வானவர் பறந்து வருகின்றனர்! வண்ணத்தின் ஆற்றலை மறுப்பாரில்லை. ஆனால், குத்தும் வலி நெஞ்சில் தைக்குமுன் கூலி வந்து சேர்ந்துவிடுகிறதே! மயிலை மண்ணை மிதித்தறியாத ரூபென்சுக்கு, அம்மண்ணின் மக்கள் யார்? கொலைஞர்; வேறொன்றுமில்லை.

ஏன் இப்படி? ஓவியம் பக்தியைத் தூண்டவேண்டும் என 1563-இலேயே டிரெண்ட் பேரவை விதித்திருந்தது. 1620-இல் வெள்ளை மலைப் போரில் சீர்திருத்தக் கிறித்தவர் தோற்றபின், பொகீமிய நாட்டைக் கத்தோலிக்கமாக்கும் பணி மும்முரமாக நடந்தது. அங்கே ஐயுறும் தோமையரால் என்ன பயன்? சாகும் தோமையரே தேவை!

ரூபென்சுக்கு உண்மை தெரியாதா? நன்கு தெரியும். மரியன்னையை வீங்கிய உடலும் வெறுங்காலுமாய், வறியவள் பிணமாகவே காரவாஜியோ தீட்டியபோது, உரோமாபுரித் துறவியர் வேண்டாமென ஒதுக்கினர். 1607-இல் அதை வாங்குமாறு மாந்துவா கோமகனுக்குப் பரிந்துரைத்தவர் இளைஞர் ரூபென்சே! பின்னாளில், கேட்டவர்க்குக் கேட்டதைத் தந்தார்.

பிராகாக் கோயிலில் இன்றிருப்பது படியே; மூலம் அந்நகரின் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. காணச் செல்லும் தமிழர், சாய்கிற முதியவரோடு ஈட்டி பிடித்த கைகளையும் உற்று நோக்கட்டும். அவை நம் கைகளென்று கடல் கடந்து ஒருவர் முடிவு கட்டியவை.