யாழ்தேவியை மேசையில் ஓட்ட: ஒரு எச்.ஓ. செற்றும் வன்னிப் புழுதியும்

கிளிநொச்சியில் இருந்துகொண்டு மாதிரி ரயில் கட்ட வேண்டும் என்றால் செற் வெளிநாட்டில் இருந்துதான் வர வேண்டும். எனக்கும் அப்படித்தான், ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் அனுப்பிய பார்சலில் வந்தது. ஒரு டீசல் எஞ்சின், சில பெட்டிகள், நீள்வட்டமாகப் பூட்டத் தண்டவாளத் துண்டுகள், ஒரு கன்ரோலர். இந்தத் தொடக்கச் செற்றுகள் எந்தக் கொம்பனியுடையது என்றாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் பெயரைச் சொல்லவில்லை. மாரியிலும் சோளகத்திலும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். ஆனால் செற்றில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மோட்டரும் தண்டவாளமும் மட்டுமே. நிறம், புழுதி, மரம், பாதையின் போக்கு எல்லாம் வன்னியில் இருந்து வந்தால்தான் அது நமது கோச்சி ஆகும்.

முதலில் மின்சாரம். கனடாவில் இருந்து வரும் செற்றின் அடப்ரர் 120 வோல்ற்றுக்கு மட்டுமானதாக இருக்கலாம். நமது சுவரில் வருவது 230. அடப்ரரின் முதுகில் பொடி எழுத்தில் "100–240" என்று இருந்தால் பயமில்லை. "120" மட்டும் இருந்தால் பிளக்கில் குத்தவே வேண்டாம். 230 வோல்ற்றுக்கான, செற் கேட்கும் அதே வெளியீடு உள்ள அடப்ரரை வாங்குங்கள். தண்டவாளத்துக்குப் போவது உச்சமாக 12 வோல்ற்று அளவு நேர்மின்னோட்டம்தான், பிள்ளைகள் தொட்டாலும் ஆபத்தில்லை. லண்டனில் இருந்து வரும் செற் என்றால் மின்சாரத் தொல்லை இல்லை. ஆனால் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது.

அது அளவுச் சிக்கல். பிரித்தானியச் செற்றுகள் பெரும்பாலும் ஓ.ஓ. அளவு, அதாவது 1:76. மற்ற நாடுகளில் அதிகம் எச்.ஓ., 1:87. இரண்டும் ஓடுவது ஒரே 16.5 மில்லிமீற்றர் பாதையில். இலங்கைப் பாதையின் அகலம் 1676 மில்லிமீற்றர், இந்தியாவின் அகலப்பாதையும் அதுவே. அதை 1:87 ஆகச் சுருக்கினால் 19.3 மில்லிமீற்றர் வர வேண்டும், 1:76 ஆகச் சுருக்கினால் 22. ஓ.ஓ.வில் கட்டினால் தண்டவாளம் நாலில் ஒரு பங்கு ஒடுங்கிவிடும். பெட்டி பெருத்தும் பாதை சிறுத்தும், மலைநாட்டுக் குறும்பாதை போலத் தெரியும். எச்.ஓ.வில் குறைவது மூன்று மில்லிமீற்றருக்கும் உள்ளே, பக்கவாட்டில் இருந்து பார்த்தால் கண்ணுக்குப் படாது. 16.5 மில்லிமீற்றருக்கு நமது பாதை அச்சொட்டாகப் பொருந்த வேண்டும் என்றால் 1:101.6 என்ற அளவில் கட்ட வேண்டும், எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டும். அதற்குப் பொறுமை உள்ளவர்களை வணங்குகிறேன். மற்றவர்கள் எச்.ஓ. என்றே கேட்டு வாங்குங்கள்.

எஞ்சின் ஓட்டம் நல்லது. மெதுவாகத் தொடங்கும்போது மட்டும் ஒரு சின்ன உதறல், கொஞ்ச நேரம் ஓடிச் சூடேறினால் அதுவும் போய்விடும். தண்டவாளம் நிக்கல் சில்வர். பெயரில் சில்வர் இருந்தாலும் வெள்ளி இல்லை. செம்பும் நிக்கலும் நாகமும் கலந்த உலோகம், துருப்பிடிக்காது. மலிவுச் செற்றுகளில் இரும்புத் தண்டவாளம் வருவதுண்டு. முல்லைத்தீவுக் கரையிலோ ஆனையிறவு உப்புக்காற்று அடிக்கும் பக்கத்திலோ இருப்பவர்கள் அதைக் கையாலும் தொட வேண்டாம். ஒரு மாரிக்கே துரு பிடித்துவிடும்.

எனக்குப் பிடிக்காதது அந்த நீள்வட்டம். வடபாதை அப்படி வளைவதில்லை. தாண்டிக்குளத்தைத் தாண்டிவிட்டால் ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று தட்டை நிலத்தில் ஏ9 வீதிக்குத் துணையாக நீட்டுக்குப் போகும் பாதை அது. கோச்சி தூரத்தில் புள்ளியாகத் தெரிந்து, பெரிதாகிக்கொண்டே வருவதுதான் அதன் அழகு. இறுக்கமான வளைவுக்குள் அதைச் சுற்றவிட்டால் அந்த அழகு போய்விடும். வளைவுத் துண்டுகளை எடுத்து வைத்துவிட்டு, நேர்த் துண்டுகளைச் சேர்த்து வாங்கி, சுவரோரமாக ஒரு ஒடுங்கிய தட்டில் கட்டுவதே வன்னிக்குப் பொருந்தும். ஒரு கிலோமீற்றர் பாதை 1:87இல் பதினொன்றரை மீற்றர். வீட்டுக்குள் அவ்வளவு கிடைக்காது. ஆனால் ஒரு சுவர் முழுக்கக் கிடைத்தாலே முறிகண்டியைக் கட்டிவிடலாம்: பிள்ளையார் கோயில், தேங்காய் உடைக்கும் இடம், கச்சான் கடைகள், நின்று கும்பிட்டுப் போகும் பஸ், பின்னால் பாதை, ஒரு பாதுகாப்பற்ற புகையிரதக் கடவை.

தட்டைக் கட்டும் மரத்தைப் பற்றி ஒரு சொல். பைன் பலகை வேண்டாம், கறையான் விடாது. பழைய வீட்டுக் கூரையில் இருந்து கழற்றிய பனஞ்சிலாகை யார் வீட்டிலாவது கிடக்கும். வைரம் பாய்ந்த பனையைக் கறையான் இலேசில் தொடாது, வெயிலுக்கும் மழைக்கும் முறுகாது. ஆணி மட்டும் நேரே இறங்காது. துளையிட்டுத்தான் ஸ்குறூ பூட்ட வேண்டும், துளைக்கும் அலகு சூடேறாமல் நிறுத்தி நிறுத்தி. மேலே மெல்லிய பிளைவுட், அதன் மேல் றிஜிபோம் தட்டு. இவ்வளவு போதும்.

அடுத்ததுதான் பெரிய கேள்வி: எந்த ஆண்டு? இதைத் தீர்மானிக்காமல் தூரிகையை எடுக்கக்கூடாது. 1905இல் இந்தப் பாதை முழுவதும் திறக்கப்பட்டது. கொழும்பில் இருந்து வடக்கே வரும் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது 1956 ஏப்ரல் 23. 1990இல் யுத்தத்தோடு வடக்கே ஓட்டம் நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டு பங்கர்களுக்குப் போயின. பாதை இருந்த தடமே காடானது. இந்தியாவின் இர்கோன் நிறுவனம் மறுபடி கட்டிய பாதையில் 2013 செப்ரெம்பர் 14இல் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும், ஒக்ரோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கும் கோச்சி வந்தது. ஆக, நம்மிடம் இருப்பது இரண்டு பாதைகள். 1990க்கு முந்தியது மரச் சிலிப்பர், எண்ணெய்க் கறை, செம்மண் ஏறிய சல்லி. 2013க்குப் பிந்தியது கொங்கிறீற் சிலிப்பர், சாம்பல் நிறச் சல்லி, புதிய ஸ்ரேஷன் கட்டடங்கள். செற்றில் வரும் கறுத்த பிளாஸ்ரிக் சிலிப்பர் பழைய காலத்துக்கு அப்படியே பொருந்தும். புதிய காலம் வேண்டும் என்றால் ஒவ்வொரு சிலிப்பரையும் வெளிறிய சாம்பலில் தீட்டுங்கள். காலம் மாறினால் மரமும் மாறும். 2013க்குப் பிந்திய ஆனையிறவு, பளைப் பக்கத்தைக் கட்டுகிறவர் ஷெல்லடியில் தலைபோன பனைகளை விட்டுவிடக்கூடாது. மூங்கில் குச்சியில் அடிமரம் செய்து, சிலவற்றுக்கு ஓலை வைக்காமல் விடுங்கள். இருபது மீற்றர்ப் பனை இந்த அளவில் 23 சென்ரிமீற்றர், ஒரு சாண். அந்த மொட்டைப் பனைகள் இல்லாவிட்டால் அது வேறு ஏதோ ஊர்.

இனிப் பழுதாக்குதல், அதாவது புதுப் பிளாஸ்ரிக்கை ஓடிக் களைத்த பெட்டியாக மாற்றும் வேலை. இந்தக் கலையில் வெளிநாட்டார் சின்னச் சின்னப் போத்தல்களில் வண்ணப் பொடி விற்கிறார்கள். நமக்கு அது வேண்டியதில்லை. வாசலில் கிடக்கும் கிரவல் மண்ணை எடுத்து அம்மியில் அரைத்து, பழைய வேட்டித் துணியால் இரண்டு முறை சலித்தால், விரலில் மாவாக ஒட்டும் செம்பொடி கிடைக்கும். எந்தக் கடைப் பொடியும் இந்த நிறத்தைத் தராது, உண்மையான பெட்டியில் ஏறியிருப்பதும் இதே மண்தானே. பயன்படுத்த முதல் ஒரு வலுவான காந்தத்தைக் கடதாசியில் சுற்றிப் பொடிக்குள் நன்றாக இழுங்கள். கறுப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். புல்மோட்டையில் இருந்து கொக்கிளாய் வரை கரை மணலில் இல்மனைற் கலந்திருப்பது தெரிந்ததே. முல்லைத்தீவு மணலை எடுப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மோட்டருக்குள் இருப்பதும் காந்தம். அந்தத் துகள் அதற்குள் போய் ஒட்டினால் எஞ்சின் அவ்வளவுதான்.

பளபளக்கும் பிளாஸ்ரிக்கில் பொடி நிற்காது. முதலில் மங்கலான வார்னிஷ் ஸ்பிறே ஒரு பூச்சு. இதை மாரி நாட்களில் செய்ய வேண்டாம், ஈரக்காற்றில் வார்னிஷ் பால் போல வெளுத்துவிடும். காய்ந்த பிறகு மென்மையான தூரிகையால் கீழிருந்து மேலாகப் பொடியைத் தடவுங்கள். போகிகளிலும் (அடியில் சக்கரங்கள் பூட்டிய சட்டங்கள்) படிக்கட்டிலும் தடிப்பாக, யன்னல் மட்டத்துக்கு வரும்போது இல்லையென்னும் அளவுக்கு. யன்னல் ஓரங்களில் மழைநீர் வழிந்த கோடு மேலிருந்து கீழாக ஓட வேண்டும். தண்ணீரில் நனைத்த தூரிகையை ஒரே இழுவையாக இழுத்தால் போதும். எஞ்சினை அடுத்த பெட்டியின் கூரையில் புகைக் கரி ஏறும், கடைசிப் பெட்டியில் குறையும். இந்த வித்தியாசத்தைக் கவனிப்பவரின் வண்டிதான் உண்மையாகத் தெரியும். மேலே மறுபடி வார்னிஷ் அடித்தால் பொடியின் நிறம் பாதி மறைந்துவிடும். அதனால் முதல் தரமே தேவைக்கு மேல் கொஞ்சம் கூட்டியே தடவுங்கள்.

சல்லிக்கும் அதே மண்வேலைதான். கருங்கல் உடைக்கும் இடத்தில் கிடைக்கும் தூளைச் சலித்து, அரை மில்லிமீற்றர் அளவுப் பருக்கையை மட்டும் எடுங்கள். வெள்ளை மரப்பசையும் தண்ணீரும் சரிபாதி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி. சொட்டுச் சொட்டாக விட்டால் சல்லிக்குள் தானே இறங்கிப் பிடிக்கும்.

செற்றில் வரும் பெட்டிகளின் குறை, எடை போதாமை. இலேசான பெட்டி தண்டவாள மூட்டுகளில் துள்ளி இறங்கிவிடும். அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எச்.ஓ.வுக்கு அடிப்படையாக 28 கிராம், அதன் மேல் ஒவ்வொரு சென்ரிமீற்றர் நீளத்துக்கும் ஏறக்குறைய 5.6 கிராம். 24 சென்ரிமீற்றர்ப் பெட்டி என்றால் சுமார் 160 கிராம் வர வேண்டும். வலைக்குக் கட்டும் ஈயம் இதற்கு நல்லது, கரையோரத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அதை வெள்ளைப் பசையால் ஒட்டக்கூடாது. அந்தப் பசையோடு சேர்ந்து ஈயம் மெல்ல அரித்து ஊதி, காலப்போக்கில் பெட்டியையே பிளந்துவிடும். எப்பொக்சி பாவியுங்கள், ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

பராமரிப்பில் எதிரி ஒன்றுதான், சோளகப் புழுதி. யன்னலைப் பூட்டினாலும் வரும். தண்டவாளத்தில் படிந்து, சக்கரத்தில் கறுத்த களியாக ஏறி, மின்சாரத்தை மறிக்கும். எஞ்சின் விக்கி விக்கி ஓடினால் மோட்டரைக் குறை சொல்லாதீர்கள், சக்கரத்தைப் பாருங்கள். மண்கடதாசியால் உரசவே கூடாது; கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். கை கழுவும் சானிடைசரும் வேண்டாம், அதில் இருக்கும் கிளிசரின் பிசுபிசுப்பை விட்டுப்போகும். நம்மவர்களுக்கு நான் சொல்வது மண்ணெண்ணெய். வட அமெரிக்காவின் ஒரு மாதிரி ரயில் இதழ் 2019இல் இதை விரிவாக எழுதியது: அல்கஹோல் துடைத்த தண்டவாளத்தில் நுண்ணிய மின்பொறியால் கறுப்பு விரைவில் திரும்புகிறது, மண்ணெண்ணெய் வகையால் துடைத்தால் நெடுநாள் தாங்குகிறது என்று. நானும் இரண்டையும் செய்து பார்த்தேன், மண்ணெண்ணெய்தான் நிற்கிறது. துணி ஈரமாகும் அளவு போதும். தண்டவாளத்தின் தலையில் மட்டும் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் முழுவதும் ஒற்றி எடுங்கள். மின்சாரம் நிறுத்தி, யன்னல் திறந்து, பக்கத்தில் நுளம்புத்திரி எரியாமல் பார்த்துச் செய்யுங்கள். எஞ்சின் சக்கரத்துக்கு ஒரு வழி: நனைத்த ரிஷூவைத் தண்டவாளத்துக்குக் குறுக்கே விரித்து, ஒரு போகியை அதன் மேலும் மற்றதை வெறும் தண்டவாளத்திலும் வைத்து, கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓடவிடுங்கள். ரிஷூவில் இரண்டு கறுத்த கோடுகள் விழும். கோடு விழாமல் போகும் வரைக்கும் இடம் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இதற்கும் அல்கஹோல் வேண்டாம், அது மண்ணெண்ணெயை விட எளிதில் தீப்பற்றும்; மண்ணெண்ணெயையே இலேசாக மட்டும் தொட்டு, யன்னலைத் திறந்து வைத்துக் கவனமாகச் செய்யுங்கள். கன்ரோலர் ஓடும் வேலை அது. ஓடாத நேரம் முழுத்தட்டையும் பழைய நூல் சேலையால் மூடிவிடுங்கள். பல்லி எச்சத்துக்கும் அதுவே மருந்து.

செற்றில் வந்த எஞ்சின் ஓடப் பழக நல்லது, ஆனால் முகம் நமதில்லை. பழைய யாழ்தேவிக்கு முகம் தந்தவை கனடா எஞ்சின்கள். 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்த எம்2 வகை. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று மாகாணப் பெயர் தாங்கியவை. அவை ஜெனரல் மோட்டர்ஸின் ஜி12 வகை. அந்த ஜி12ஐ எச்.ஓ. அளவில் செய்கிறது பிரேசிலின் ஃபிராதெஸ்கி கொம்பனி. வாங்குவதற்கு முன் போகியின் அச்சை எண்ணுங்கள். முதல் தொகுதி எம்2களுக்குப் போகிக்கு மூன்று அச்சு, நடு அச்சில் மோட்டர் இல்லை. நிறத்தைக் கழற்றி நமது நிறம் அடித்தால், கடையில் வாங்கிய பொருளில் யாழ்தேவிக்கு இதைவிட நெருங்க முடியாது.

தொடக்கச் செற்றுக்கு என் தீர்ப்பு: எச்.ஓ. அளவு, நிக்கல் சில்வர் பாதை, 230 வோல்ற்று அடப்ரர், இந்த மூன்றும் இருந்தால் நம்பி எடுங்கள். விளையாட்டுக்கு மட்டும் வாங்குகிறவருக்கு இது விலை கூடிய பொருள். கட்ட விரும்புகிறவருக்குப் பெறுமதியான பொருள். ஒரு வேண்டுகோளும் உண்டு. 1990க்கு முந்திய மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் ஸ்ரேஷன்களைச் சரியாகக் கட்டப் படம் வேண்டும். இடம்பெயர்வில் நம்மவரின் அல்பங்கள் எத்தனையோ தொலைந்தன. கலியாணப் படத்தின் பின்னணியிலோ, பிளாற்ஃபோமில் நின்று எடுத்த குடும்பப் படத்திலோ ஒரு கைகாட்டியோ ஸ்ரேஷன் கூரையோ ஒரு பெட்டியின் மூலையோ தெரிந்தால், கனடாவில் இருந்தாலும் கரைச்சியில் இருந்தாலும், அதைத் தெளிவாகப் பிரதி எடுத்து, பின்பக்கம் ஆண்டையும் இடத்தையும் எழுதி, கட்டுகிறவர் கேட்டால் கொடுத்து உதவுங்கள்.