நீலத்தை மட்டும் நம்பலாமா?

இலங்கையின் வட்டகொடைத் தேயிலை மலையில் கொழுந்து பறிக்கிறவருக்கு இரண்டு கையும் சமமாக ஓட வேண்டும். பறித்த கிலோவுக்குத்தான் கணக்கு. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கணுக்களை முழுவதும் அகற்றினால் அந்தப் பக்கத்துக் கை வீங்கக்கூடும். வீங்கிய கையில் தேயிலைக் குச்சி கீறினாலோ அட்டை கடித்தாலோ கிருமி தொற்றிக் காய்ச்சலில் படுக்க வேண்டியதுதான். ஆகவே, புற்று முதலில் எட்டும் 'காவல் கணு'வை மட்டும் எடுத்துச் சோதித்து, அதில் நோயில்லையென்றால் மற்றவற்றை விட்டுவிடும் முறை இவருக்கு உண்மையிலேயே பெரிய உதவி.

அந்தக் கணுவைக் காட்டிக்கொடுக்க வழக்கமாகக் கதிரியக்க டெக்னீசியம், நீலச் சாயம் ஆகிய இரு தடங்காட்டிகளும் சேர்ந்து பயன்படும். டெக்னீசியத்தின் அரைவாழ்வு 6 மணித்தியாலம். இலங்கையில் அணு உலை இல்லை. அதன் மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வர வேண்டும். அணு மருத்துவப் பிரிவும் கதிர் உணரும் கருவியும் வேண்டும். சிறிய வைத்தியசாலைக்கு இது எட்டாது.

அதனால் மெதிலீன் நீலம். விலை மலிவு, கிடைப்பதும் எளிது. முலைக்காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் அடியில் ஊசி ஏற்றி, சில நிமிடம் தடவிவிட்டு, அக்குளைத் திறந்து, நீல நூல்போல ஓடும் நிணநீர்க் குழாயைப் பின்தொடர்ந்தால் கணு தென்படும். குறைகளும் உண்டு. தோலுக்குள்ளேயே ஏற்றிவிட்டால் அந்த இடம் அழுகிப் புண்ணாகலாம். சில மனச்சோர்வு மாத்திரைகளோடு இது ஒத்துப்போகாது. விரலில் மாட்டும் ஒட்சிசன் அளவி பொய்யாக இறங்கி மயக்க வைத்தியரைத் திடுக்கிட வைக்கும். மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போகும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி பயந்துவிடுவார்.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. எனக்கு உறுத்துவது வேறு. கட்டி பெரிதாகி, கணுவிலும் பரவிய பின் வருகிறவருக்கு முதலில் கீமோதெரபி கொடுத்துவிட்டே சத்திரசிகிச்சை செய்கிறார்கள். மருந்துக்குப் பின் நிணநீர்ப் பாதை தழும்பேறி, சாயம் சரியாக ஓடாமல் போகலாம். 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வான இசட்1071இல், இத்தகையோரிடம் ஒரே தடங்காட்டியைப் பயன்படுத்தியபோது நோய் இருந்தும் இல்லையென்று தவறவிட்டது 20.3 சதவீதம், இரண்டைச் சேர்த்தபோது 10.8. ஏற்கத்தக்க எல்லையோ ஏறத்தாழ 10தான். சம்பள நாளை இழக்க முடியாமல் கிளினிக்கைத் தள்ளிப்போடும் தோட்டப் பெண், நீலம் தடுமாறும் இடத்தில்தான் போய் நிற்கிறார்.

இந்தோசயனின் பச்சை நன்றாகக் காட்டும். அதன் அகச்சிவப்புக் கமெராவின் விலையை நினைத்தால் பேச்சு நின்றுவிடும். காந்த இரும்புத் துகளும் அப்படியே. டெல்லி எய்ம்ஸ் வைத்தியர்கள் முயன்ற வழி எனக்குப் பிடித்திருக்கிறது: மெதிலீன் நீலத்தோடு ஃப்ளோரசீனையும் ஏற்றி, நீல ஒளியில் மஞ்சள் கண்ணாடி வழியே பார்ப்பது. ஃப்ளோரசீன் கண் வைத்தியத்தில் பழகிய மருந்துதான். ஆனால் அதன் ஒளி வெட்டிய இடமெங்கும் கசிந்து கண்ணைக் குழப்பும். அபூர்வமாக ஒவ்வாமையும் வரும். பழகிய கை வேண்டும்.

என் தீர்ப்பு இது: ஆரம்ப நிலையில் வருகிறவருக்குப் பழகிய கையில் மெதிலீன் நீலம் போதும். கீமோதெரபிக்குப் பிறகு நீலத்தை மட்டும் நம்பி அக்குளை மூடக்கூடாது. அங்கே இரண்டாவது தடங்காட்டி வேண்டும். இல்லையென்றால் அது உள்ள வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும்.