கீறல் கரையும் கைவேலை
சேலையூர், சிட்லபாக்கம் பக்கம் ஞாயிறு காலைகளில், வாசல் நிழலில் காரின் கீறலைத் தேய்த்து எடுப்பவரைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். முதலில் ஜி.எஸ்.டி. சாலைப் புழுதியைத் துகள்கூட விடாமல் கழுவுகிறார். மிஞ்சிய மணல் புதுக் கீறல் போட்டுவிடும். பிறகு நகத்தை மெல்ல ஓட்டுகிறார். சிக்கினால் ஆழம், பெயின்டர் வேலை. வழுக்கினால், நிறத்துக்கு மேலிருக்கும் கிளியர் கோட்டில் மட்டும்தான் காயம்.

மைக்ரோஃபைபர் துணியில் பட்டாணி அளவு ரப்பிங் காம்பவுண்ட். தொடங்கும்போது சரசரவென்று ஓசை. காம்பவுண்டின் நுண்துகள்கள் நொறுங்க நொறுங்க அந்த ஓசை தேய்ந்து, துணி தானாக வழுக்கத் தொடங்கும். அந்த மாற்றத்தைக் காதால் பிடிப்பதைத்தான் கைத்திறன் என்பேன். கிளியர் கோட் தலைமுடியைவிட மெல்லியது. அதனால் அவசரப்பட்டு அழுத்துவதே இல்லை, அந்தப் பொறுமை எனக்கு மிகப் பிடிக்கும். துடைத்து, தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்க்கிறார். இன்னும் ஒரு சுற்று வேண்டுமாம்.