மூன்றாவது பிரதி

ஜப்பானிய அனிமே ரசிகர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. பிடித்த தொடரின் வட்டு வெளிவந்தால் மூன்று வாங்க வேண்டும். ஒன்று பார்ப்பதற்கு. ஒன்று உறை பிரிக்காமல் அலமாரியில் பத்திரப்படுத்த. மூன்றாவது, அடுத்தவர் கையில் கொடுத்துப் பார்க்கவைக்க. இந்த மூன்றாவது பிரதியை அவர்கள் 'ஃபுக்யோ'வுக்கான பிரதி என்பார்கள். ஃபுக்யோ என்றால் மதப் பிரசாரம். பௌத்தத் துறவிகளும் கிறிஸ்தவப் பாதிரிமாரும் ஊர் ஊராக நடந்து செய்த வேலைக்கான சொல். நண்பனிடம் ஒரு கார்ட்டூனை நீட்டி "இதைப் பாரேன்" என்பதற்கு இத்தனை கனமான பெயரா என்று சிரிப்பு வரும். பெயர் வைத்தவர்களும் சிரித்துக்கொண்டேதான் வைத்திருப்பார்கள். ஆனால் கேலிப்பெயர்தான் பல நேரம் ஆளுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. வாசல் வாசலாகப் போய்க் கதவைத் தட்டுகிறவரின் அர்ப்பணிப்பு அனிமே பரிந்துரைப்பவரிடம் இருக்கிறது. கதவைத் திறந்தவருக்கு உண்டாகும் சங்கடமும் இந்த வழக்கத்தில் இருக்கிறது.

முதலில் அர்ப்பணிப்பு. இன்று செவ்வியல் என்று கொண்டாடப்படும் சில தொடர்கள் முதல் ஒளிபரப்பில் மண்ணைக் கவ்வியவை. 1974 அக்டோபரில் 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாடோ' ஞாயிறு மாலை 7.30-க்குத் தொடங்கியபோது, அதே நேரத்தில் வேறொரு சேனலில் இசாவோ டகாஹாடாவின் 'ஹைடி' ஓடிக்கொண்டிருந்தது. ஆல்ப்ஸ் மலைச் சிறுமி போர்க்கப்பலைத் தரைதட்ட வைத்துவிட்டாள். 39 எபிசோடாகத் திட்டமிடப்பட்ட தொடரை 26-இல் முடித்துவிட்டார்கள். பிறகு மறுஒளிபரப்பு வந்தது, ரசிகர் மன்றங்கள் முளைத்தன. 1977 ஆகஸ்டில் அதே காட்சிகளை வெட்டி ஒட்டித் திரைப்படமாக்கி வெளியிட்டபோது, பையன்கள் முந்தின இரவே திரையரங்கு வாசலில் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். 1979-இல் வந்த 'மொபைல் சூட் கன்டாம்' கதையும் ஏறக்குறைய இதுதான்: 52 எபிசோடு என்று தொடங்கி 43-இல் நிறுத்தப்பட்டு, அதன் பிறகு எழுந்தது.

கடல் தாண்டியும் இதே பிரசார வேலை நடந்தது. ஜப்பானும் அமெரிக்காவும் ஒரே என்.டி.எஸ்.சி. முறைத் தொலைக்காட்சியைப் பயன்படுத்தியதால், டோக்கியோவில் பதிவுசெய்த வீடியோ கேசட் லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டுப் பெட்டியில் அப்படியே ஓடியது. 1977-இலேயே அந்த நகரத்தில் ரசிகர்கள் சங்கமாகக் கூடிவிட்டார்கள். மொழிபெயர்ப்பு கிடையாது. கொஞ்சம் ஜப்பானியம் தெரிந்த ஒருவர் கதையைச் சொல்ல, மற்றவர்கள் பார்த்தார்கள். பிரதிக்குப் பிரதி எடுத்ததில் நிறம் வழிந்து, கோடு விழுந்து, யார் முகம் என்றே தெரியாத நாடாக்களும் கைமாறின.

இந்த வழக்கத்தின் உச்சம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இயக்குநர் சுனாவோ கடாபுச்சியைத்தான் காட்டுவேன். 2009 நவம்பரில் அவருடைய 'மை மை ஷின்கோவும் ஆயிரமாண்டு மாயமும்' என்ற படம் வெளியானது. 1955-இன் ஹோஃபு என்ற சிறுநகரம், கோதுமை வயல்கள், நெற்றியில் சுழியுள்ள ஒரு சிறுமி. அந்தச் சுழிக்கு அவள் வைத்த பெயர்தான் 'மை மை'. தன் ஊர் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்துகொண்டே வயலுக்குள் ஓடுவாள். அவ்வளவுதான் படம். ரோபோ இல்லை, மந்திரக்கோல் இல்லை. கூட்டம் வரவில்லை. திரையரங்குகள் சீக்கிரமே படத்தைத் தூக்கத் தொடங்கின. பார்த்த சிலருக்கு அது பொறுக்கவில்லை. கையெழுத்து வாங்கினார்கள், திரையிடலைத் தொடரும்படி மனுப் போட்டார்கள். இரவுக் காட்சி கிடைத்தது. டோக்கியோவின் அசகயா பகுதியில் ஐம்பது இருக்கைகூட இல்லாத ஒரு சின்ன அரங்கு படத்தை எடுத்து ஓட்டியது, அங்கே கூட்டம் சேர்ந்தது.

அடுத்த படத்துக்குக் கடாபுச்சி பணம் தேடியபோது இதன் பலன் தெரிந்தது. ஃபுமியோ கோனோவின் மாங்காவைத் தழுவிய, போர்க்காலத்தில் குரே நகரில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண்ணின் கதை. முதலீட்டாளர்கள் தயங்கினார்கள். 2015-இல் பொதுமக்களிடம் நிதி கேட்டார்கள். 3,374 பேர் சேர்ந்து கிட்டத்தட்ட 3 கோடியே 91 லட்சம் யென் கொடுத்தார்கள். ஒரு முழுநீளப் படத்துக்கு அந்தப் பணம் போதாது. ஆனால் பார்க்க ஆளிருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி. அதைக் காட்டித்தான் மற்ற முதலீடு திரண்டது. 2016 நவம்பர் 12-இல் 63 அரங்குகளில் வெளியான 'இந்த உலகத்தின் ஒரு மூலையில்', வாய்மொழியாகவே பரவிப் பரவி முந்நூறு அரங்குகளுக்கும் மேல் போனது. அந்த ஆண்டின் சிறந்த ஜப்பானியப் படமாக 'கினெமா ஜும்போ' இதழ் அதைத் தேர்ந்தெடுத்தது. 'என் பக்கத்துவீட்டு டோடோரோ'வுக்குப் பிறகு அந்த முதலிடத்துக்கு வந்த அனிமேஷன் இதுதான். படம் முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடும்போது, பணம் போட்டவர்களின் பெயர்களும் திரையில் ஏறுகின்றன. நான் பார்த்தபோது ஒன்றையும் படிக்க முடியவில்லை. அத்தனை பெயர்கள்.

அந்த ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். "உலகம் இந்தப் படத்தை மதிக்கத் தவறிவிட்டது" என்று பொதுவெளியில் புலம்பிவிட்டுப் போகவில்லை. இன்னும் ஒரு வாரம் திரையிடு என்று ஒரு குறிப்பிட்ட அரங்கிடம் கேட்டார்கள். இன்ன தேதிக்கு வா என்று ஒரு குறிப்பிட்ட நண்பரைக் கூப்பிட்டார்கள். பேச்சுக்கு ஒரு முகவரி இருந்தது.

இன்று நம் ரசிகர்கள் வாயில் சதா புழங்கும் 'அண்டர்ரேட்டட்' என்ற சொல்லில் எனக்குள்ள சிக்கல் அதுதான். அதற்கு முகவரி கிடையாது. நான்கு பேர் கூடுகிறார்கள், "அண்டர்ரேட்டட் அனிமே ஒண்ணு சொல்லு" என்கிறான் ஒருவன். உடனே வரும் பெயர்கள் எப்போதும் ஒன்றே: 'முஷிஷி', 'டடாமி கேலக்ஸி', 'ஹைபானே ரென்மெய்'. மூன்றும் எனக்கும் பிடித்தவை. ஆனால் யாருடைய தராசில் இவை குறைந்தன? 'முஷிஷி'யின் மூல மாங்கா 2006-இல் கோடான்ஷா விருது வாங்கியது. மசாகி யுவாசாவின் 'டடாமி கேலக்ஸி' 2010-இல் ஜப்பான் ஊடகக்கலை விழாவின் அனிமேஷன் பிரிவில் தலைமைப் பரிசை வென்றது. இவற்றை அதிகம் பேர் பார்க்கவில்லை என்றால் அது உண்மை. மதிக்கவில்லை என்பது வேறு பேச்சு. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்புவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. "கூட்டத்துக்குப் புரியாதது எனக்குப் புரிந்தது" என்பதை வாய்விட்டுச் சொல்லாமல் சொல்லிவிடலாம். அதனால்தான், ரகசியமாகப் போற்றிய தொடர் திடீரெனப் பிரபலமானால் பழைய ரசிகருக்கு முகம் சுண்டுகிறது. புதிதாக வந்தவர்களை ஜப்பானியர் 'நிவாகா' என்பார்கள். திடீர் ரசிகன் என்று பொருள், மரியாதையான சொல் இல்லை. ஊரெல்லாம் மதம் மாறினால் பிரசாரகர் மகிழ வேண்டும். இவர் மட்டும் கோயிலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார்.

பெரிய சொல் சின்னப் படைப்பை நசுக்குவதையும் பார்த்திருக்கிறேன், செய்தும் இருக்கிறேன். ஒருமுறை நண்பன் ஒருவனை வலுக்கட்டாயமாக உட்காரவைத்து 'முஷிஷி'யின் முதல் எபிசோடைப் போட்டேன். "வாழ்க்கையையே மாத்திடும்டா" என்று முன்னுரை வேறு. இடது கையால் எதை வரைந்தாலும் அது உயிர்பெற்றுவிடும் ஒரு சிறுவன், மலைக்காட்டில் தனியாக ஒரு வீடு, அவனைத் தேடிவரும் வெள்ளைமுடி நாடோடி. நான் திரையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை வெளிச்சம் அவன் கன்னத்தில் விழுகிறது, கண் இமைக்கிறான், உதடு அசையவில்லை. நல்ல இடம் வரும்போதெல்லாம் முன்கூட்டியே முழங்கையால் இடித்தேன். முடிந்ததும் "எப்படி?" என்றேன். "நல்லாத்தான் இருக்கு," என்றபடி கைப்பேசியை எடுத்தான். அந்த 'தான்' எனக்கு இன்றும் கேட்கிறது. தப்பு அவன்மேல் இல்லை. 'முஷிஷி' யாருடைய வாழ்க்கையையும் மாற்ற வரவில்லை. மழைநாளில் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிற கதை அது. நான் அதற்கு மேளம் அடித்துவிட்டேன்.

மேளம் அடிக்க இன்னொரு வழியும் உண்டு. ஜப்பானில் மூன்று எபிசோடு பார்த்துவிட்டுப் பிடிக்காத தொடரைக் கைவிடுவதற்கு 'சன்வா-கிரி' என்று பெயர். நம்மவர்களும் "மூணு எபிசோடு பாரு, அப்புறம் விட மாட்டே" என்கிறார்கள். 2011-இல் வந்த 'மடோகா மாஜிகா'வின் மூன்றாவது எபிசோடு அப்படிப்பட்டது. அதில் என்ன நடக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் "மூணாவது எபிசோடுவரை பொறு" என்று சொன்னதிலேயே பாதியைச் சொல்லிவிட்டோம். முதல் இரண்டின் இளஞ்சிவப்பு மிட்டாய்த்தனத்தை நம்பி ஏமாறுவதற்காகத்தான் அந்தத் தொடர் கட்டப்பட்டிருக்கிறது. எச்சரிக்கப்பட்டவர் ஏமாற மாட்டார், சந்தேகத்தோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

காசு விஷயம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது பிரதியை அந்த ஜப்பானிய ரசிகர் கடையில் பணம் கொடுத்து வாங்கினார். நள்ளிரவுத் தொடர்கள் பலவற்றின் செலவை நெடுநாள் மீட்டுத் தந்தது வட்டு விற்பனைதான். ஆகவே அவருடைய பிரசாரத்தில் ஒரு பங்கு படைத்தவர்களுக்குப் போனது. நாம் பென் டிரைவில் நகலெடுத்துக் கொடுத்தபோது யாருக்கும் எதுவும் போகவில்லை. அந்த நாட்களில் நமக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. இன்று அப்படிச் சொல்ல முடியாது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' திரைப்படம் தமிழ்க் குரலோடு நம் திரையரங்குகளுக்கே வந்தது. அதற்கு யாருடைய பரிந்துரையும் தேவைப்படவில்லை.

பட்டியல்களில் வராமல் போவது எது என்று பார்த்தால் இந்த வழக்கத்தின் குருட்டுப்புள்ளி தெரியும். 'சசாயே-சான்' 1969 அக்டோபரிலிருந்து ஞாயிறு மாலை ஜப்பானிய வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று தலைமுறைக் கூட்டுக்குடும்பம், மாமியார் வீட்டுக்குப் பதில் பிறந்த வீட்டிலேயே புருஷனோடு குடியிருக்கும் மகள், வால்தனம் பண்ணும் தம்பி. வெளிநாட்டு ரசிகர்கள் யாரும் இதை 'அண்டர்ரேட்டட்' என்று சொல்லிக் கேட்டதில்லை. 1970-களில் இயக்குநர் ஒசாமு டெசாகி எடுத்த தொடர்களை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சக்கட்டத்தில் ஓட்டத்தை நிறுத்தி, பாத்திரத்தை ஓர் ஓவியமாக உறையவைக்கும் அவருடைய உத்தியைப் பின்னால் வந்தவர்கள் எத்தனையோ பேர் எடுத்தாண்டார்கள். அவர் பெயரும் நம் வட்டங்களில் அபூர்வம். கடந்த இருபத்தைந்து ஆண்டில் வந்த, பெரும்பாலும் பன்னிரண்டு பதின்மூன்று எபிசோடில் முடிகிற, நள்ளிரவு நேரத் தொடர் என்ற சிறு வட்டத்துக்குள்தான் நாம் 'மறைந்திருக்கும் மாணிக்கம்' தேடுகிறோம்.

உவமை சொல்லிப் பரிந்துரைப்பது ஒன்றுதான் எனக்கு ஓரளவு கைகொடுத்த வழி. அதிலும் வழுக்கல் உண்டு. 2016-இல் வந்த 'ஷோவா கென்ரோகு ரகுகோ ஷின்ஜூ'வை அப்பாவிடம் சொல்ல நினைத்தபோது, "நம்ம கதாகாலட்சேபம் மாதிரிப்பா" என்று ஆரம்பித்தேன். ரகுகோ என்ற ஜப்பானியக் கதைசொல்லலில் கலைஞர் ஒரே ஒருவர். மெத்தையில் மண்டியிட்டு உட்கார்ந்து, முகத்தை இந்தப் பக்கம் திருப்பினால் வீட்டுக்காரர், அந்தப் பக்கம் திருப்பினால் திருடன். கையில் ஒரு விசிறியும் ஒரு துணியும்தான். விசிறி எழுதுகோலாகும், நூடுல்ஸ் உறிஞ்சும் குச்சியாகும். கதைக்கு நடுவே பாட்டு இல்லை, பக்தியும் இல்லை, பல கதைகள் ஒரு நகைச்சுவை வெட்டோடு முடியும். ஆகவே என் உவமை பாதி பொய். ஆனால் திருவிழாவில் விடிய விடியக் கதை கேட்ட மனிதரைச் சோபாவில் உட்காரவைக்க அந்தப் பாதி போதுமானதாக இருந்தது.

முதல் எபிசோடு வழக்கத்தைவிட நீளம், முக்கால் மணி நேரம். ஆங்கில சப்டைட்டிலை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். சிறையிலிருந்து வந்த யோடாரோ என்ற பையன், சீடனாகச் சேர்த்துக்கொள்ளும்படி யாகுமோ என்ற பெரிய வித்வானின் காலில் விழுகிறான். சேர்த்துக்கொள்ளப்படுகிறான். ஒருநாள் குரு மேடையில் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது ஓரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிக் குறட்டை விடுகிறான். குரு அவனை விரட்டிவிடுகிறார். அப்பா கொட்டாவி விட்டார். "மீதியை நாளைக்குப் பார்க்கலாம்," என்று எழுந்து படுக்கப் போய்விட்டார். நான் எதுவும் கேட்கவில்லை. மறுநாளும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அதற்கடுத்த நாள் காலை சவரம் செய்துகொண்டிருந்தவர், கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே கேட்டார்: "ஏன்டா, அந்தக் கிழவர் அந்தப் பயலைத் திரும்பச் சேத்துக்கிட்டாரா?"