நூலிலேயே செக்கிங்

திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளுக்கு வருவது தைத்து முடித்த பீஸ். ஓட்டையோ கறையோ இருந்தால் ஒதுக்குவார்கள். அது காதர்பேட்டையில் செகண்ட்ஸாக விலைபோகும். ஜெர்சி கலப்பு மாடு வைத்திருப்பவருக்குக் காளைக்கன்றும் அப்படியொரு செகண்ட்ஸ்தான். பாலினம் பிரித்த சினை ஊசி, இந்தச் செக்கிங்கை நூலிலேயே முடித்துவிடப் பார்க்கிறது.

சாயப்பட்டறை ஊருக்கு அதன் வேலையை விளக்குவது எளிது. கிடாரிக்கன்று தரும் எக்ஸ் விந்தணுவில், ஒய் விந்தணுவைவிடச் சுமார் 4 சதவீதம் டி.என்.ஏ. கூடுதல். கூடுதல் உள்ளது கூடுதலாகச் சாயம் பிடிக்கும், லேசர் பட்டதும் சற்றுப் பளிச்சென்று தெரியும். அதை மின்னூட்டத்தால் தனியே இழுத்துவிடுகிறார்கள். கன்று கிடாரியாக இருக்க 90 சதவீத வாய்ப்பு. அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் லாரன்ஸ் ஜான்சன் குழு உருவாக்கிய இந்த முறைக்கு, இன்று உதகமண்டலத்திலேயே அரசு நிலையம் உண்டு. 2024 அக்டோபர் 5 அன்று மகாராஷ்டிரத்தின் வாசிமில் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தபோது, டோஸுக்குச் சுமார் 200 ரூபாய் குறையும் என்றார்கள்.

ஆனால் விலை எனக்குப் பெரிய கேள்வியாகப் படவில்லை. சாதா ஊசிக்கான உறைவிந்துக் குச்சியில் சுமார் 2 கோடி விந்தணுக்கள். பிரித்ததில் 20 லட்சம் அளவுதான், அவையும் இயந்திரத்தில் அடிபட்டு வந்தவை. அதனால் சினை பிடிப்பது குறைகிறது. ஒரு பேச்சுக்கு, 100 மாட்டுக்குச் சாதா ஊசியில் 40 சினை, 20 கிடாரி என்று வையுங்கள். பிரித்த ஊசியில் 30 சினை என்றால் 27 கிடாரி. ஏழு கிடாரி லாபம். கூடவே பத்து மாடு வெறும் வயிற்றோடு நிற்கிறது. மறுபடி 21 நாள் காத்திருப்பு, தீவனச் செலவு, தள்ளிப்போகும் கறவை. விளம்பரத் தட்டியில் ஏழு மட்டும்தான் இருக்கும்.

இந்தக் கணக்கைத் திருத்தக்கூடியது நேரம். பிரித்த விந்தணுவுக்கு ஆயுள் குறைவு; மாடு எப்போது பருவத்துக்கு வந்தது என்று துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும். விடிகாலையில் மாடு கத்துவதை, கண்ணாடிபோல் கோழை வடிவதைப் பார்க்க வீட்டில் ஆள் வேண்டும். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அந்நேரம் மகனும் மருமகளும் கம்பெனி வேனுக்கு நிற்கிறார்கள். தொழுவத்தில் மிஞ்சுவது பாட்டி. அவர் கண்தான் இந்த லேசரின் மறுபாதி! பார்க்க ஆளுள்ள வீட்டில், முதல் சினைக்கு நிற்கும் ஆரோக்கியமான கலப்பினக் கிடாரிக்கு இந்த ஊசியைத் தாராளமாகப் போடலாம். கிடாரிக்கன்று சற்றுச் சிறியதாக இருக்கும் என்பதால் முதல் ஈற்றும் சுலபம். நாலு ஊசிக்கும் நிற்காத மாட்டுக்கு இது வீண்.

வேண்டாத காளைக்கன்று பிறந்து அடிமாடாவதைவிடப் பிறக்காமலிருப்பது மேல் என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. 2019 கணக்கெடுப்பில் நாட்டின் மாடுகளில் பெண் 14.5 கோடி, ஆண் 4.7 கோடி. இயந்திரம் ஊர் ஊராய் வருமுன்பே கழிவு நடந்துவிட்டது.

காங்கயம் மாட்டில்தான் இந்த வாதம் உடைகிறது. பழையகோட்டைப் பட்டக்காரர் வீட்டில் தேர்ந்து வளர்த்த இந்த இனத்தில் பசு நாளுக்கு 2, 3 லிட்டர்தான் கறக்கும். அதன் பெயர் எருதால் வந்தது: கிணற்றில் கவலை இழுத்தது, வண்டி இழுத்தது, கண்ணபுரம் சித்திரைச் சந்தையில் ஜோடியாக நின்றது. செவலையாகப் பிறந்து ஆறு மாதத்தில் மயிலையாகும் காளைக்கன்றின் கழுத்தையும் திமில் எழுவதையும் பார்த்துப் பார்த்துத்தான் பொலிகாளையைக் கழித்தெடுத்தார்கள். காளைக்கன்றே பிறக்காவிட்டால் எதிலிருந்து கழிப்பது? குச்சிக்கு விந்து தரும் நாலைந்து காளைகளே ஒரு இனத்துக்குத் தகப்பன்களாகிவிடும். காங்கயத்துக்கும் இந்த இயந்திரத்தை ஓட்டியே தீருவதென்றால் ஒய் பக்கத்துக் குழாயைத் திறக்கட்டும், அதுவும் ஊருக்கொரு காளையிலிருந்து.