இருவர் இருவராக அனுப்பப்படும் இளைஞர்
மார்மன் அருட்பணி முறை பற்றிய ஒரு திறனாய்வு

மார்மன் சபையினரைக் குறித்து நம்மிடையே வழங்கும் நூல்களும் துண்டுப் பிரசுரங்களும் பெரும்பாலும் அவர்களுடைய போதனையை மட்டுமே ஆராய்கின்றன. பிதாவாகிய கடவுளுக்கு மாம்சமும் எலும்பும் உள்ள உடல் உண்டு என்பது, நிசேயா சங்கம் வரையறுத்த திரியேகக் கோட்பாட்டை ஏற்காமை, வேதாகமத்தோடு மார்மன் புத்தகத்தையும் திருமறையாகக் கொள்வது ஆகியவை அங்கே எடுத்துக்காட்டப்பட்டு மறுக்கப்படுகின்றன. இது தேவையான பணியே. ஐக்கிய மெதடிஸ்டு சபை 2000ஆம் ஆண்டிலும், உரோமைத் திருச்சபை 2001ஆம் ஆண்டிலும் மார்மன் திருமுழுக்கைக் கிறிஸ்தவத் திருமுழுக்காக ஏற்க இயலாது எனத் தீர்மானித்தன. அத்தீர்மானத்தை நாமும் சரியெனவே கொள்கிறோம்.

ஆயினும் ஒரு சபையின் இறையியல் அதன் விசுவாச அறிக்கையில் மட்டும் அடங்கிவிடுவதில்லை. அச்சபை தன் ஊழியனுடைய ஒரு நாளை எவ்வாறு அமைக்கிறது, அவன் அந்நியர் வீட்டு வாசலில் எவ்வாறு நிற்கிறான் என்பவற்றிலும் அது வெளிப்படுகிறது. எனவே இக்கட்டுரையில், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை எனத் தன்னை அழைத்துக்கொள்ளும் அச்சபை 2004ஆம் ஆண்டில் வெளியிட்டு 2023ஆம் ஆண்டில் திருத்திய அருட்பணிக் கையேட்டையும், அது உருவாக்கும் அன்றாட வாழ்வையும் நாம் திறனாய்வு செய்ய முற்படுகிறோம். களமாக ஸ்பானிய மொழி பேசும் மக்களை, சிறப்பாக மெக்சிகோ நாட்டு மக்களை, எடுத்துக்கொள்கிறோம். அச்சபையின் அருட்பணியில் போற்றத்தக்கதும் கண்டிக்கத்தக்கதும் அங்கேதான் தெளிவாகத் தோன்றுகின்றன.

ஒரு நாளின் ஒழுங்கு

2024ஆம் ஆண்டின் இறுதியில் அச்சபைக்கு ஏறத்தாழ 74,000 அருட்பணியாளர் இருந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டியவர்கள். 2012ஆம் ஆண்டில் ஆண்களுக்கான குறைந்த வயது 19இலிருந்து 18ஆகவும், பெண்களுக்கு 21இலிருந்து 19ஆகவும் குறைக்கப்பட்டது. ஆண்கள் 24 மாதங்களும் பெண்கள் 18 மாதங்களும் ஊழியம் செய்கின்றனர். ஊதியம் இல்லை. மாறாக, அமெரிக்க இளைஞர் ஒருவருக்காக அவரோ அவர் குடும்பத்தாரோ மாதந்தோறும் ஒரு தொகையைச் சபைக்குச் செலுத்துகின்றனர். 2020ஆம் ஆண்டில் அது 400 டாலரிலிருந்து 500 டாலராக உயர்த்தப்பட்டது. எந்த நாட்டிற்குச் செல்வது என்பதை இளைஞர் தெரிவு செய்வதில்லை. சபைத் தலைமையே தீர்மானிக்கிறது.

கையேடு வகுத்த நாள் காலை 6.30 மணிக்குத் தொடங்கி இரவு 10.30 மணிக்கு முடிகிறது. எழுந்தவுடன் ஜெபம், பின் உடற்பயிற்சி, காலை உணவு, தனித்த திருமறை வாசிப்பு, துணைவரோடு சேர்ந்து படித்தல், மொழி பயிலுதல். 10 மணிக்கு வெளியே சென்றால் இரவு 9 மணிக்கே திரும்புகின்றனர். 2017ஆம் ஆண்டு முதல் இவ்வொழுங்கில் ஓரளவு நெகிழ்வு அளிக்கப்பட்டுள்ளது. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்கவும் பொருள் வாங்கவும் வீட்டாருக்கு எழுதவும் விடப்படுகிறது. 2019ஆம் ஆண்டு வரை, தாய் தந்தையரோடு தொலைபேசியில் பேசுவதற்கு ஆண்டில் இரு நாட்களே வழக்கமாக இருந்தன. அவை கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும் ஆகும். அதன் பின்னரே வாரந்தோறும் பேச இடமளிக்கப்பட்டது.

துணைவரை விட்டு ஒருவர் தனியே செல்லலாகாது என்பது இவ்வாழ்வின் முதன்மையான விதி. துணைவரைத் தாமே தெரிந்துகொள்ளவும் இயலாது. யூட்டா மாநிலத்துச் செல்வர் மகனும் ஒந்துராஸ் நாட்டுக் கூலித் தொழிலாளியின் மகனும் ஒரே அறையில் உறங்கி, ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பணியைச் செய்ய நேரிடலாம். ஆண்டவர் எழுபது பேரை இருவர் இருவராக அனுப்பினதை (லூக். 10:1) நாம் ஆண்டுதோறும் பிரசங்கிக்கிறோம்; அதைச் சொல்லுக்குச் சொல் கைக்கொள்பவர்களை நாம் எளிதாக இகழ்ந்துவிட முடியாது. தன் விருப்பத்திற்கு மாறான ஒருவனோடு பொறுமையாய் வாழப் பழகுவது, இறையியல் மாணவர் விடுதி ஒவ்வொன்றும் கற்பிக்க விரும்பிப் பெரும்பாலும் கற்பிக்கத் தவறும் பாடம் அல்லவா?

மொழியும் மேசையும்

ஸ்பானிய மொழிக்கென அழைக்கப்படும் இளைஞர் அமெரிக்காவின் புரோவோ நகரிலோ, 2013ஆம் ஆண்டில் மெக்சிகோ நகரில் திறக்கப்பட்ட நிலையத்திலோ ஏறத்தாழ ஆறு வாரம் பயிற்சி பெறுகிறார். மெக்சிகோவில் அப்பயிற்சி நிலையம் அமைந்த இடத்தில் அதற்கு முன் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அச்சபையின் உயர்நிலைப் பள்ளி ஒன்று நடந்துவந்தது. நாட்டுப் பிள்ளைகள் படித்த பள்ளி மூடப்பட்டு, அருட்பணியாளர் பயிலும் நிலையமாயிற்று என்பதும் சிந்திக்கத்தக்கது.

ஆறு வார மொழியறிவுடன் களத்திற்கு வருபவர் பிழைகளோடுதான் பேசத் தொடங்குகிறார். சந்தையில் காய் விற்கும் பெண்ணும், பேருந்து நிலையத்துச் சிறுவனும் அவருக்கு ஆசிரியர் ஆகின்றனர். மரியாதைக்குரிய 'உஸ்தேத்' எங்கே வரவேண்டும், நெருக்கம் காட்டும் 'து' எங்கே வரவேண்டும் என்பதை இலக்கண நூலைவிட அவர்கள் முகக்குறிப்பே நன்கு கற்பிக்கிறது. 'நீ, நீர், நீங்கள்' என்னும் வேறுபாட்டோடு வாழும் நமக்கு இதன் அருமை விளங்கும். போதிக்க வந்தவன் முதலில் மாணவனாகிறான்; இந்தத் தாழ்மை உண்மையான அருட்பணியின் தொடக்கம். நடுத்தர வயதை எட்டுமுன் அவன் அடையும் இப்பயன் வாழ்நாள் முழுதும் அவனோடு இருக்கும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இங்கேயே ஒரு முரண்பாடும் தோன்றுகிறது. அவனுடைய சட்டைப் பையில் உள்ள பெயரட்டையில் சபையின் பெயர் ஸ்பானிய மொழியில் இருக்கும். அவனுடைய பதவிப் பெயரோ 'எல்டர்' என்றே இருக்கும். ஸ்பானிய மொழியின் ரெய்னா-வலேரா வேதாகமத்தில் மூப்பரைக் குறிக்க 'ஆன்சியானோ' என்னும் சொல் உண்டு. அச்சொல்லை விடுத்து ஆங்கிலச் சொல்லையே அச்சபையார் எடுத்தாளுகின்றனர். பதினெட்டு வயது இளைஞனை முதியவன் எனப் பொருள்படும் சொல்லால் அழைத்தால் கேட்போர் நகைப்பர் என்பது ஒரு காரணமாகலாம். காரணம் எதுவாயினும், ஊழியம் அந்த மண்ணின் சொல்லைத் தன் பெயராக ஏற்கவில்லை என்பது மறுக்கவியலாதது. மூப்பர் என்பது முதிர்ச்சியைக் குறிக்கும் சொல் எனக் கொள்ளும் நமக்கு 1 தீமோ. 3:6 கூறும் எச்சரிக்கையும் நினைவுக்கு வருகிறது.

உணவு மேசையைக் குறித்தும் ஒன்று சொல்லவேண்டும். இலத்தீன் அமெரிக்க நாடுகளில் சபையார் தம் வீட்டில் நண்பகல் உணவளித்து இவ்விளைஞரைப் போற்றுவது பரவலான வழக்கம். ஏழைக் குடும்பத்தாரும் பீன்ஸும் சோள அடையும் ஆக்கி, தமக்குக் குறைந்தாலும் அவர்களுக்குப் பரிமாறுவர். ஆனால் காப்பி விளையும் குவாத்தமாலா, கொலம்பியா போன்ற நாடுகளில், முதன்முறை சந்திக்கும் வீட்டார் அன்போடு நீட்டும் காப்பியை அவர்கள் மறுக்கவேண்டும். அச்சபையின் ஆரோக்கியச் சட்டம் காப்பியையும் தேநீரையும் மதுவையும் புகையிலையையும் விலக்குகிறது. அர்ஜென்டினாவின் மாத்தே பானத்திற்கு அத்தடை இல்லை. எழுபது பேரை அனுப்பிய ஆண்டவர், முன்வைக்கப்படுவதைப் புசிக்கும்படியும் வீட்டுக்கு வீடு போகாதிருக்கும்படியும் கட்டளையிட்டார் (லூக். 10:7,8). இருவர் இருவராகச் செல்வதைக் கைக்கொண்டவர்கள் அதே அதிகாரத்தில் வரும் இவ்விரு கட்டளைகளை ஏன் விட்டுவிட்டனர் என நாம் கேட்கலாம்.

கையேட்டின் போக்கு

1961ஆம் ஆண்டில் அச்சபை உலகெங்கும் ஒரே வகையான ஆறு பாடங்களை வகுத்தது. 2004ஆம் ஆண்டுக் கையேடு அம்மனப்பாட முறையைக் கைவிட்டு, ஆவியானவரின் நடத்துதலை நாடி, கேட்போரின் தேவைக்கேற்பத் தன் சொற்களால் போதிக்கச் சொல்கிறது. இது பாராட்டத்தக்க வளர்ச்சி. மொழி பயில்வதற்கும், கிறிஸ்துவின் குணங்களை அணிந்துகொள்வதற்கும் தனித்தனி அதிகாரங்கள் அதில் உண்டு.

எனினும் கையேட்டின் அடித்தளம் மாறவில்லை. ஒவ்வொரு பாடமும் ஒரு வாக்குறுதியைக் கேட்டே முடிகிறது: வாசிப்பீர்களா, ஜெபிப்பீர்களா, ஆராதனைக்கு வருவீர்களா, திருமுழுக்குப் பெறுவீர்களா என வினாக்கள் படிப்படியாக உயர்கின்றன. மார்மன் புத்தகம் மெய்யா என ஜெபத்தில் கேட்டு, உள்ளத்தில் எழும் உணர்வை விடையாகக் கொள்ளவேண்டும் என்பதே அம்முறையின் மையம். கேட்பவனுக்கு அமைதி தோன்றினால் அது சான்று. தோன்றாவிட்டால் இன்னும் உண்மையாய்க் கேட்கவேண்டும் என்பதே அறிவுரையாகிவிடுகிறது. இல்லை என்னும் விடைக்கு இம்முறையில் இடமே இல்லை. உணர்வை நாமும் புறக்கணிப்பதில்லை. ஆயினும் ஆவிகளைச் சோதித்தறியும் பொறுப்பைத் (1 யோவான் 4:1) தனியொருவனின் உள்ளக் கனிவிடம் மட்டும் ஒப்புவிக்க நாம் உடன்படோம்.

லாமானியர் என்னும் பெயர்

ஸ்பானிய மொழி மக்களிடம் இக்குறை இன்னும் ஆழமாகிறது. மார்மன் புத்தகத்தின்படி, எருசலேமிலிருந்து அமெரிக்கக் கண்டத்திற்கு வந்த ஒரு குடும்பத்தின் கலகக்காரப் பிரிவினரே லாமானியர். அவர்கள் மேல் கருந்தோல் சாபமாக வந்தது என அந்நூல் கூறுகிறது. மெக்சிகோவின் பூர்வகுடி மக்கள் இவர்களுடைய சந்ததியார் எனத் தலைமுறைகளாகப் போதிக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரை லாமானியரை அமெரிக்கப் பூர்வகுடியினரின் முதன்மையான மூதாதையர் என்றது. 2006ஆம் ஆண்டு முதல் அது, மூதாதையருள் அடங்குவோர் எனத் திருத்தப்பட்டது. ஒரு மக்களினத்தை அதன் வாசலில் நின்று, அதற்கே தெரியாத ஒரு வரலாற்றைச் சொல்லி அழைப்பது எத்தகைய செயல்? அன்புள்ள ஓர் இளைஞன் அதைச் சொன்னாலும் அதன் கூர்மை குறைந்துவிடாது.

ஆனால் கேட்டவர்கள் வாளாவிருக்கவில்லை. மெக்சிகோவைச் சேர்ந்த மார்கரிட்டோ பவுத்திஸ்தா என்பவர் 1935ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், லாமானியருக்குரிய வாக்குத்தத்தங்கள் தம் மக்களுக்கே உரியவை என வாதிட்டார். தம்மைத் தாழ்த்திய கதையையே அவர் தம் மக்களின் மேன்மைக்குச் சான்றாக்கினார். சபைத் தலைமை அந்நூலை ஆதரிக்க மறுத்தது.

இதற்குப் பின்னணி உண்டு. 1926ஆம் ஆண்டில் மெக்சிகோ அரசு அந்நிய நாட்டுக் குருமாரை வெளியேற்றியபோது, அந்நாட்டு விசுவாசிகளே சபைகளை நடத்தினர். பின்னர், தங்கள் இரத்தமும் இனமும் ஆன ஒருவரே மிஷன் தலைவராக வேண்டும் என 1936ஆம் ஆண்டில் கூடிய மூன்றாம் மாநாட்டில் அவர்கள் கோரினர். கோரிக்கை மறுக்கப்பட்டது, தலைவர்கள் விலக்கப்பட்டனர், ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் பிரிந்து நின்றனர். 1946ஆம் ஆண்டில் சபைத் தலைவர் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் நேரில் சென்ற பின்னரே பெரும்பாலோர் திரும்பினர். பத்தாண்டுக் காலம் பிரிந்திருந்தும் அவர்கள் தங்கள் திருமறையையோ வழிபாட்டையோ கைவிடவில்லை. அவர்கள் கேட்டது நம்பிக்கையையும் பொறுப்பையுமே.

எண்ணிக்கையும் மக்களும்

எத்தனை பேருக்குப் பாடம் நடந்தது, எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தனர், எத்தனை பேர் திருமுழுக்குப் பெற்றனர் என்பதை அருட்பணியாளர் வாரந்தோறும் அறிவிக்கவேண்டும். பணியிட மாற்றங்கள் ஆறு வாரக் கணக்கில் நடைபெறுவதால், ஒருவர் ஓரூரில் தங்குவது பெரும்பாலும் சில மாதங்களே. திருமுழுக்குக் கொடுத்தவர் போய்விடுகிறார், பெற்றவர் நிற்கிறார்.

இதன் விளைவை மக்கள்தொகைக் கணக்கு காட்டுகிறது. 2010ஆம் ஆண்டில் அச்சபையின் பதிவேட்டில் மெக்சிகோ நாட்டு உறுப்பினர் 12 லட்சத்திற்கு மேல் இருந்தனர். அவ்வாண்டு அரசு எடுத்த கணக்கில் தம்மை அச்சபையினர் எனக் கூறினோர் 3,14,932 பேர். சிலி நாட்டில் 2002ஆம் ஆண்டில் 15 வயதிற்கு மேற்பட்டோரிடம் எடுத்த கணக்கில் அவ்வாறு கூறினோர் 1,03,735 பேர்; சபைப் பதிவேட்டிலோ 5 லட்சத்திற்கு மேல். நிலைமையை உணர்ந்த தலைமை, தன் அப்போஸ்தலருள் ஒருவரான ஜெப்ரி ஹாலண்டை அவ்வாண்டே சிலிக்கு அனுப்பி இரண்டாண்டு தங்கச் செய்தது. தன் தவறைக் காண அச்சபை மறுக்கவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளவேண்டும். எனினும், தான் யார் யாருக்குத் திருமுழுக்குக் கொடுத்தான் என்பதைப் பவுல் எண்ணிப் பெருமை கொள்ளவில்லை (1 கொரி. 1:14-17). கொரிந்துவில் அவன் ஒன்றரை ஆண்டு ஓரிடத்தில் தங்கிப் போதித்தான் (அப். 18:11).

நமக்குரிய தீர்ப்பு

இதுவரை கூறியவற்றால் பிறரைத் தீர்ப்பிட்டு நாம் அமைந்துவிடல் ஆகாது. நம் சேகரப் பதிவேடுகளில் உள்ள பெயர்களுக்கும் நற்கருணைக்கு வருவோருக்கும் உள்ள இடைவெளியை ஆயர்கள் அறிவர். தேர்தல் காலத்தில் மட்டும் தேடப்படும் பெயர்கள் நம்மிடமும் உண்டு. அந்தப் பெயர்களின் வீட்டு வாசலை நாம் எத்தனை முறை மிதித்திருக்கிறோம்?

தமிழ்ச் சபைக்கு வேறொரு நினைவும் உண்டு. 1903ஆம் ஆண்டில் திருநெல்வேலிக் கிறிஸ்தவர் தம் காணிக்கையால் இந்திய மிஷனெரிச் சங்கத்தை ஏற்படுத்தி, தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஆளனுப்பினர். அங்கே சென்றவர்கள் பிறமொழி பயின்றனர். அச்சங்கத்தை நிறுவியோருள் ஒருவரான அசரியா, 1910ஆம் ஆண்டில் எடின்பரோ மாநாட்டில் மேலைநாட்டு மிஷனெரிகளிடம் நட்பை வேண்டினார். மெக்சிகோ விசுவாசிகள் 1936ஆம் ஆண்டில் எழுப்பிய குரலும் அதற்கு உறவுடையதே.

ஆகவே நம் மாணவருக்கு நாம் கூறுவது இது: இவ்விளைஞரின் போதனையை மறுத்துரைக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அது கடினமன்று. அவர்களுடைய ஒழுங்கையும், எளிமையையும், பிறமொழிக்கு நாவைக் கொடுக்கும் துணிவையும் கண்டு நாணவும் கற்றுக்கொள்ளுங்கள், இதுவே கடினமானது. முன்வைக்கப்படுவதைப் புசித்து, சொல்லப்படுவதைச் செவிகொடுத்துக் கேட்டு, போனவுடன் போய்விடாமல் தங்கியிருக்கும் ஊழியனையே திருச்சபை இன்று வேண்டி நிற்கிறது. அத்தகையோரை எழுப்பும்படி அறுவடையின் எஜமானை வேண்டிக்கொள்வோமாக.