தகவலாளி என்னும் சொல்: நாட்டார் வழக்காற்று ஆய்வில் அறிவுக்கு உரியவர் யார்?

ஆய்வுலகில் சமத்துவம் குறித்த விவாதங்கள் பெரும்பாலும் ஆய்வாளர்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றன. துறைகளில் பெண்கள் எத்தனை பேர், ஒதுக்கீட்டு இடங்கள் நிரப்பப்பட்டுள்ளனவா, முதல் தலைமுறை மாணவர்க்கு உதவித்தொகை உரிய காலத்தில் கிடைக்கிறதா என்பன கேட்கப்பட வேண்டிய வினாக்களே. இன்னும் உரக்கக் கேட்கப்பட வேண்டியவை. எனினும், ஆய்வேட்டின் உள்ளேயும் ஒரு படிநிலை செயற்படுகிறது. அறிவை உடையவர் ஒருவராகவும் அறிஞர் என அழைக்கப்படுபவர் வேறொருவராகவும் அங்கே பிரிக்கப்படுகின்றனர். தமிழ் நாட்டார் வழக்காற்று ஆய்வுகளில் நிலைபெற்றுவிட்ட 'தகவலாளி' என்னும் கலைச்சொல் இப்பிரிவினையைத் தாங்கி நிற்கிறது. அச்சொல்லையும் அது அமர்த்தப்பட்டிருக்கும் பின்னிணைப்பையும் திறனாய்வு நோக்கில் அணுகுவது இக்கட்டுரை.

களஆய்வின் அடிப்படையில் எழுதப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதற்பக்கங்களில் நெறியாளர் சான்றிதழும், இவ்வாய்வு தம் சொந்த முயற்சியால் உருவானது என்னும் ஆய்வாளர் உறுதிமொழியும் இருக்கும். இயல்கள் முடிந்து, துணைநூற்பட்டியலும் முடிந்தபின், பின்னிணைப்பில் பாடல்கள் இடம்பெறும். அதற்கும் பின்னர்த் 'தகவலாளர் பட்டியல்' வரும். வரிசை எண், பெயர், வயது, பால், சாதி, கல்வி, தொழில், ஊர் என அப்பட்டியலில் கட்டங்கள் அமைந்திருக்கும். இவற்றுள் சாதிக் கட்டம் நின்று நோக்கத்தக்கது. சமூகச் சூழலை அறியாமல் வழக்காற்றை விளக்க இயலாது என்பது அதற்குத் தரப்படும் நியாயம். நியாயம் சரியானதே. ஆனால், அதே சூழலில் வினாக்களைத் தொடுத்தவரும், விடைகளைத் தெரிவு செய்தவருமான ஆய்வாளரின் சாதியோ பாலோ வர்க்கமோ ஏட்டில் எங்கும் பேசப்படுவதில்லை. தகவலாளிக்குச் சமூகம் உண்டு. ஆய்வாளருக்கு முறையியல் மட்டுமே உண்டு. கல்விக் கட்டத்தில் மீண்டும் மீண்டும் வரும் 'இல்லை' என்னும் சொல்லும் இவ்வகையினதே. முந்நூறு பாடல்களை நினைவிலிருந்து பாடித் தந்த ஒருவருக்கு எதிரே அச்சொல்லை எழுதும்போது நம் கை சற்றும் தயங்குவதில்லை.

இச்சொல் விளக்கமுறை மொழியியலின் செல்வாக்கோடு நம் துறைகளில் வேரூன்றியது. எழுத்து வழக்கற்ற மொழியொன்றின் ஒலியன்களையும் உருபன்களையும் வகைப்படுத்த, அம்மொழி பேசுவோர் ஒருவரிடம் சொற்களைக் கேட்டுப் பதிவுசெய்வர். மொழி அவருடையது, இலக்கணம் ஆய்வாளருடையது என்னும் பகுப்பு அங்கே ஓரளவுக்குப் பொருந்தலாம். ஒப்பாரி பாடும் பெண்ணிடம் அது பொருந்தாது. இறந்தவர் யார், உடன்பிறந்தார் சீர் கொண்டு வந்தனரா, தாய்வீட்டில் தன் நிலை யாது என்பவற்றை அந்த நேரத்திலேயே பாட்டுக்குள் இழைப்பவர் அவர். வாய்பாடுகள் மரபில் உள்ளவை. அவற்றை எடுத்தமைக்கும் முடிவு அவருடையது. அங்கே அவர் தருவது தகவல் என்றால், யாப்பிலக்கணம் கற்று வெண்பா எழுதுவோர் தருவதும் தகவலே.

நம் முன்னோடிகள் இதனை அறவே உணராதவர்கள் எனக் கூறுதல் பிழை. நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964-இல் வெளிவந்தது. பல பாடல்களின் அடியில் சேகரித்தவர் பெயரும் இடமும் தரப்பட்டுள்ளன. தொகுப்பாசிரியர் தம் பெயருக்குள் பிறர் உழைப்பை மறைத்துக்கொள்ளாத நேர்மை அது. பின்வந்த பட்டப்பேற்று ஆய்வுகள் பலவற்றில் அந்நேர்மையைக் காண்பது அரிது. சில பாடல்களின் கீழ் 'உதவியவர்' என இன்னொரு பெயரும் உண்டு. பாடித் தந்தவரே அவ்வாறு குறிக்கப்படுகிறார் என ஊகிக்க இடமிருக்கிறது. பாடகர் 'உதவியவர்' எனில், யாருடைய பணிக்கு உதவினார் என்னும் வினா எழுகிறது. பாட்டின் பணி பாடகருடையதன்றோ? வர்க்கப் பார்வையோடு மக்கள் இலக்கியத்தை அணுகிய ஓர் அறிஞரின் தொகுப்பிலேயே சொல் இவ்வாறு விழுந்திருக்குமாயின், வழக்கத்தின் வலிமை எத்தகையது என்பது புலனாகும்.

நாட்டார் பாடல் கூட்டுப்படைப்பு, அதற்குத் தனி ஆசிரியர் இல்லை, எனவே பெயர் சுட்டல் கோட்பாட்டுக்கு முரண் என்பர் சிலர். இவ்வாதம் வசதியானது. கூட்டுப்படைப்பு எனக் கூறிப் பாடகரின் பெயரை நீக்குவோர், தம் தொகுப்பின் முகப்பில் தம் பெயரைத் தனி ஆசிரியராக அச்சிடத் தயங்குவதில்லை. நம் தொகை மரபோ வேறு வழியைக் காட்டுகிறது. சங்கப் பாடல்களைத் தொகுத்தோர், இயற்பெயர் கிட்டாத இடங்களில் பாட்டில் பயின்ற தொடரையே புலவர்க்குப் பெயராக்கினர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் முதலிய பெயர்களை அவ்வாறே கொள்கிறோம். எல்லாப் பாடல்களுக்கும் இது நிகழவில்லை. பெயரின்றி நிற்பனவும் உள. ஆயினும் பாட்டுக்குப் பின்னே ஒருவர் இருந்தார் என்னும் உணர்வு அத்தொகுப்பாளர்க்கு இருந்தது. இவ்விடத்தில் அவர்கள் நம்மினும் முன்னே நிற்கின்றனர்.

இனி, அறிவியல் துறையொன்றின் அனுபவத்தை நோக்குவோம். கேரளமும் தமிழகமும் பங்கிட்டுக்கொள்ளும் அகத்தியமலைப் பகுதியில் வாழ்வோர் காணிக்காரர். 1987-இல் அங்குச் சென்ற இனத்தாவரவியல் ஆய்வுக்குழு மலையேறிக் களைத்தபோது, வழிகாட்டிகளாக உடன்வந்த காணிக்காரர் ஒரு செடியின் காய்களைத் தின்று சோர்வின்றி நடப்பதைக் கண்டது. அச்செடியைக் காட்டித்தர அவர்கள் முதலில் தயங்கினர். அது வெளியாருக்குச் சொல்லக்கூடாத அறிவு. ஆரோக்கியப்பச்சை எனப் பின்னர்ப் புகழ்பெற்ற அச்செடியை மூலப்பொருள்களுள் ஒன்றாகக் கொண்டு, திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. 1990-களின் நடுவில் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய மருந்தகத்திற்கு 10 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணத்திற்கும் 2 விழுக்காடு உரிமத்தொகைக்கும் தயாரிப்பு உரிமை அளிக்கப்பட்டது. இவ்வருவாயில் சரிபாதி காணிக்காரர்க்கு என முடிவாயிற்று. 1997-இல் அவர்களுக்கான அறக்கட்டளை பதிவாயிற்று. 1999-இல் ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகை அதனிடம் சேர்ந்தது. குட்டிமாத்தன் காணி, மல்லன் காணி முதலியோரின் பெயர்கள் இவ்வரலாற்றோடு இணைத்தே பேசப்படுகின்றன.

இதனைக் குறையற்ற முன்மாதிரியாகக் காட்டுவது தவறாகும். காணிக்காரர் குடியிருப்புகள் அனைத்தும் கலந்து பேசப்படவில்லை. மருத்துவ அறிவைக் காத்துவரும் பிலாத்திகள் சிலர் எதிர்த்தனர். இலைகளைச் சேகரித்து விற்கும் முயற்சி வனத்துறையின் தடையால் இடர்ப்பட்டது. எனினும், அறிவு பெறப்பட்ட இடத்திற்குக் கடன்பட்டுள்ளோம் என்னும் ஒப்புதல் அங்கே ஒப்பந்த வடிவம் பெற்றது. பின்னர் 2002-ஆம் ஆண்டின் உயிரியற் பல்வகைமைச் சட்டம் பயன்பகிர்வை நாடு முழுமைக்கும் விதியாக்கியது.

இங்கு நமக்குரிய செய்தி ஒன்றுண்டு. மருந்தறிந்த அதே பிலாத்தியே கொக்கரையை இசைத்துச் சாற்றுப்பாட்டும் பாடுபவர். அவரிடமிருந்து இலையைப் பெற்றுச் சென்ற துறை, தயங்கித் தயங்கியேனும், பங்கு குறித்துப் பேசியது. பாட்டைப் பெற்றுச் செல்லும் நம் துறைகளோ அவருக்குப் பட்டியலில் ஒரு வரிசை எண்ணைத் தருகின்றன. இலைக்கு விலை உண்டு, பாட்டுக்கு இல்லை என்று இதனை விளக்கிவிட முடியாது. அப்பாட்டால் ஆய்வாளர் பட்டமும் பணியும் பதவி உயர்வும் பெறுகிறார். நூல் பாடமாக வைக்கப்பட்டால் உரிமத்தொகையும் பெறுகிறார்.

சட்டம் இவ்விடத்தில் நம்மினும் தெளிவாக உள்ளது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் செய்யப்பட்ட திருத்தம் நிகழ்த்துநர் உரிமையை விரிவாக வரையறுத்தது. பாடகர், இசைஞர், நடனக் கலைஞர் என நீளும் அவ்வரையறையில் கழைக்கூத்தரும் பாம்பாட்டியும் பெயர் சொல்லியே இடம்பெறுகின்றனர். 2012-ஆம் ஆண்டுத் திருத்தமோ, தம் நிகழ்த்துதலுக்குத் தாமே உரியவர் என அடையாளம் காட்டப்படும் உரிமையையும் நிகழ்த்துநர்க்கு அளித்தது. இதற்கு விலக்குகள் உண்டு. எனினும், திண்ணையில் அமர்ந்து ஒலிப்பதிவுக் கருவியின்முன் பாடும் மூதாட்டி சட்டத்தின் பார்வையில் நிகழ்த்துநராகிவிட்டார். நம் ஆய்வேட்டில் இன்னும் தகவலாளியாகவே இருக்கிறார். 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளும் அவருக்குத் துணைவரவில்லை. 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்று அவ்விதிகள் கணக்கிடுகின்றன. ஒப்புமை காணும் மென்பொருள் எழுத்தில் உள்ளவற்றோடுதான் ஒப்பிடும். எழுதப்படாத நூறு பாடல்களை எடுத்தாண்டாலும் அதன் கணக்கில் ஏறாது.

மாற்றுவழி இயலாததன்று. புதுச்சேரியை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் பாடல்களைப் பதிவுசெய்யச் சென்ற ஜோசியான் ரசீன், பாட்டறிந்த வேளாண் கூலித் தொழிலாளியான வீரம்மாவுடன் ஏறத்தாழப் பத்தாண்டுகள் உரையாடினார். அவ்வுரையாடலிலிருந்து உருவான வாழ்க்கை வரலாறு பிரெஞ்சில் 1995-இலும் ஆங்கிலத்தில் 1997-இலும் வெளிவந்தது. நூலாசிரியர் மூவருள் வீரம்மா என்னும் பெயரே முதலில் நிற்கிறது. ஜோசியான் ரசீன், ழான்-லுய்க் ரசீன் என்போர் பெயர்கள் அதனை அடுத்து வருகின்றன. வினாக்களின் தேர்வும் வரிசைப்படுத்தலும் ஆய்வாளருடையனவாக இருக்கையில் 'ஆசிரியர்' என்பது எவ்வளவு உண்மை எனக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால், அக்கேள்வியை எழுப்பும் வாய்ப்பை அந்த முகப்புப் பக்கம் தருகிறது. வரிசை எண் தருவதில்லை.

பெயர் சுட்டல் எப்போதும் நன்மையே என்றும் கொள்ளலாகாது. சாதி கடந்த காதலையும் கொலையையும் பாடும் கதைப்பாடல்களில், ஒரு சாராரின் வடிவத்தைப் பாடியவர் இன்னார் என அச்சில் வருவது ஊரில் அவரைத் துன்பத்தில் ஆழ்த்தக்கூடும். அத்தகைய இடங்களில் மறைப்பே அறம். ஆனால், மறைப்பதா சுட்டுவதா என்பதைப் பாடுபவரிடம் கேட்டறிந்து, கேட்டதையும் ஏட்டில் குறிக்கலாம். நம் வினாநிரல்களில் நூறு வினாக்கள் உள்ளன. 'உங்கள் பெயரை எப்படி எழுதட்டும்?' என்னும் வினா ஒன்றையும் சேர்ப்பதற்கு இடமில்லாமற் போகவில்லை.

பட்டியலின, பழங்குடி ஆய்வாளர்க்கெனப் பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவித்தொகை 2005-06 அளவில் தொடங்கப்பட்டபின், பின்னிணைப்பில் இருந்தோரின் பிள்ளைகளே ஆய்வாளராக வந்து சேரத் தொடங்கினர். அவர்களிடம், 'உன் சமூகத்தையே எடுத்துக்கொள். களம் எளிது' எனத் தலைப்பு வழங்கப்படுவது வழக்கமாயிற்று. தொல்காப்பியத்தையோ திறனாய்வுக் கோட்பாட்டையோ எடுக்க விரும்பும் மாணவர் அத்தலைப்புக்காகத் தனியே போராட வேண்டியிருக்கிறது. தம் சமூகத்தையே எடுத்தவர்க்கு, வாய்மொழித் தேர்வில், 'இதற்குச் சான்று யாது? தகவலாளி யார்?' என்னும் வினா வருகிறது. தாம் பிறந்து வளர்ந்து பாடிய பாட்டுக்கு அவர் தம் பாட்டியைத் தகவலாளியாக்கி, வயதும் சாதியும் கல்வி இன்மையும் குறித்துக் கட்டம் போட நேர்கிறது. உள்ளிருந்து அறிந்தது அகவயமானது எனத் தள்ளப்படுகிறது. வெளியிலிருந்து பத்து நாள் தங்கி அறிந்தது புறவயமானது எனக் கொள்ளப்படுகிறது. வைணவ மரபில் பிறந்தவர் நாலாயிரத்தை ஆராயும்போது அவருடைய இல்லப் பயிற்சியைத் தகுதியாகக் கருதும் நாம், இங்கு மட்டும் அளவுகோலை ஏன் மாற்றுகிறோம் என்பது விளங்கவில்லை.

'தகவலாளி'க்கு மாற்றாகப் 'பாடகர்', 'கதைசொல்லி', 'கலைஞர்', 'மருத்துவர்' என அவரவர் செயலையே பெயராக்கலாம். புதிய கலைச்சொல் எதுவும் தேவையில்லை. பட்டியலைப் பின்னிணைப்பிலிருந்து பெயர்த்து, நூலாசிரியர்களைக் குறிக்குமிடத்தில் வைக்கலாம். பாடலை மேற்கோளாக ஆளும் ஒவ்வோரிடத்தும் பாடகர் பெயரை அடைப்பில் தரலாம். இவற்றுக்கு முன்னரே செய்யத்தக்க பணி ஒன்று காத்திருக்கிறது. 1980-களிலும் 1990-களிலும் பதிவான ஒலிநாடாக்கள் பல துறைகளின் அலமாரிகளில் உள்ளன. உறைமேல் ஆய்வாளர் பெயரும் ஆண்டும் எழுதப்பட்டிருக்கும். பாட்டுத் தொடங்குமுன், 'உங்க பேரு சொல்லுங்க' என்னும் குரலையும், அதற்கு விடையாகப் பெயரும் ஊரும் சொல்லும் இன்னொரு குரலையும் இந்நாடாக்கள் பலவற்றில் கேட்கலாம். நாடாக்களை எண்மப்படுத்தும்போது இரைச்சல் எனக் கருதி அப்பகுதியை வெட்டிவிடாமல், கேட்டு எழுதி அட்டவணையில் ஏற்ற வேண்டும். பாடியவர்களுள் சிலரேனும் உயிரோடிருக்கும் காலத்திற்குள் இது நடந்தால், ஐயமுள்ள பெயர்களை அவர்களிடமே கேட்டுத் திருத்திக்கொள்ளலாம்.